'ங்க' சேர்க்க நேரமில்லை

பத்தொன்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பவளிடம் போய், "தேர்தல்ல நிக்கிறீங்களா அண்ணி?" என்று கேட்டால் அவள் வேறென்ன சொல்வாள்? "நிக்கிறதுதானே, அதுல என்ன புதுசு" என்று சொல்லிவிட்டாள். கேட்டது நாத்தனார், சொன்னது நில்லக்கா. அப்போது அவள் கையில் அடுப்பு மேடை துடைக்கிற ஈரத்துணி இருந்தது. யோசித்துச் சொன்னாள் என்று யாரும் அவள்மேல் பழி போட முடியாது.

நில்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நகரசபையின் ஏடுகளில் அவள் 'பள்ளிச் சாலைக் காவலர்'. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் மருத்துவமனை, நடுவில் இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்கிற அகலச் சாலை. அதில் வெள்ளைக் கோடுகள் போட்ட இடத்தில், மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, கம்பில் மாட்டிய வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்து வண்டிகளை நிறுத்தி ஆட்களைக் கடத்திவிடுவதுதான் வேலை. காலையில் இரண்டு மணி நேரம், மதியம் ஒன்று, சாயங்காலம் இரண்டு. மழைக்கும் வெயிலுக்கும் அதே கோட்டுதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில், 'தயவுசெய்து நில்லுங்கள்' என்று கூற வேண்டும் என்று எழுதியிருந்தது. நில்லக்கா மூன்று நாள் அப்படித்தான் கூறினாள். நாலாவது நாள் ஒரு வேன் வந்தது. 'தயவுசெய்து' அவள் வாயிலேயே நின்றது. 'நில்லு' வெளியே வந்தது. 'ங்கள்' வந்து சேர்ந்தபோது வேன் தபால் பெட்டியைத் தாண்டிப் போயிருந்தது. கோட்டில் கால் வைத்த ஒரு சின்னப்பெண், வேன் பையை உரசியதோடு தப்பினாள். மறுநாளிலிருந்து தயவும் போயிற்று, 'ங்கள்'ளும் போயிற்று. எல்லாருக்கும் ஒரே "நில்லு!" தான். சைக்கிள்காரனுக்கும் அதுதான், டாக்டருக்கும் அதுதான், போலீஸ் ஜீப்புக்கும் அதுதான்.

வங்கி மேலாளர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. தன்னை ஒருமையில் பேசிவிட்டதாக இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினார். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஐயா, 'நில்லு'ன்னு சொல்ல ஒரு மூச்சு" என்றாள் அவள். "'ங்க' சேக்க இன்னொரு மூச்சு. அந்த ரெண்டாவது மூச்சுக்குள்ள கார் பதினஞ்சு அடி வந்துடும். அப்புறம் மரியாதைய எங்க வைக்கிறது, பம்பர்லயா?"

மேற்பார்வையாளர் புகாரை மடித்து இழுப்பறையில் போட்டார். பிள்ளைகள் 'நில்லு அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்து, அது தேய்ந்து நில்லக்கா ஆயிற்று. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுடைய பிள்ளைகளும் அதே கோட்டில் கடந்தார்கள். அவர்களுக்கும் அவள் அக்காதான். வீட்டில் கணவர் அவளை "இந்தாம்மா" என்பார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், வார்த்தையைச் செலவழிக்காத ஆசாமி. ஆக, அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அவளை யாராவது கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அவள் ஏன் தேர்தலில் நிற்கவேண்டும்? நகரசபை ஓர் ஆய்வு நடத்தியது. அந்த ஆய்வை நடத்தியவர்கள் ஒரு மழைநாளில், காருக்குள் உட்கார்ந்தபடி, அரை மணி நேரம் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 'போக்குவரத்து தாமதப்படுகிறது' என்று எழுதினார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டை அழித்துவிடலாம், காவலர் வேலையையும் எடுத்துவிடலாம் என்று சபையில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த சபை கூடியதும் இறுதி முடிவு. தூக்கிய ஐந்து கைகளில் ஒன்று அவளுடைய வார்டு உறுப்பினருடையது. அந்த ஒரு இடம் மாறினால் கோடு பிழைக்கும். மற்ற வார்டுகளில் எல்லாம் பழைய ஆட்கள்தான் திரும்பி வருவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அந்த உறுப்பினர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஊர் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே சொல்லும். இரண்டு தடவை ஜெயித்தவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சடித்த தாள் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அதுதான் கோளாறு.

நாத்தனார் வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறவள். படிவம் என்றால் அவளுக்கு உயிர். கட்டத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். வேட்புமனுவை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, இரண்டு பேனாக்களை எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, இதுல ஒரு சிக்கல் இருக்கு. நகரசபையில வேலை பாக்கிறவங்க நிக்க முடியாதாம். ராஜினாமா பண்ணணும்."

நில்லக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஜெயித்தால் சரி. தோற்றால் சபையும் இல்லை, கோடும் இல்லை, கோட்டில் நிற்கிற வேலையும் இல்லை. அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. ராஜினாமா செய்த நாளிலிருந்து தேர்தல் நாள்வரை ஆறு வாரம். அந்த ஆறு வாரம் பிள்ளைகளை யார் கடத்திவிடுவார்கள்? அழிக்கப்போகிற கோட்டுக்கு நகரசபை புது ஆளைப் போடுமா என்ன?

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு லிஃப்ட் பொத்தானைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா," என்றார், "நின்னுடு."

இரண்டே வார்த்தை. அவர் அளவுக்கு அது பெரிய சொற்பொழிவு. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ராஜினாமாவுக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, மனசு கேட்காமல், கோட்டுப் பக்கம் ஓடினாள். பலகையை ஒப்படைத்தாகிவிட்டது, மஞ்சள் கோட்டையும் கொடுத்தாகிவிட்டது. வெறுங்கையோடு என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மூலை திரும்பினால், கோட்டின் நடுவில் சலூன்காரி நிற்கிறாள். மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றை எங்கிருந்தோ பிடித்துப் போட்டிருக்கிறாள். கையில் துடைப்பக் கம்பு, அதன் நுனியில் அட்டையில் வெட்டிய வட்டம், அதில் சிவப்பு மையால் 'நில்'. சலூன்காரியின் கடை கோட்டுக்கு நேர் எதிரே. பதினைந்து வருஷமாக அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"என்ன முழிக்கிறே? போ, போய் ஓட்டுக் கேளு" என்று விரட்டினாள் அவள். "இங்க ஆள் இருக்கு."

ஆள் இருந்தது. சலூன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் காலை சலூன்காரி, திங்கள் மதியம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சாயங்காலம் மருந்துக்கடைத் தம்பதி, செவ்வாய் காலை ஒன்பதாம் நம்பர் வீட்டு அம்மா என்று ஆறு வாரத்துக்கும் பட்டியல். கீழே இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். நில்லக்கா அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மறுபடி படித்தாள். பத்தொன்பது வருஷம் தான் ஒருத்தியே நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நடுரோட்டில் அழுதால் வண்டிகள் நின்றுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

பிரச்சாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாத்தனார் ஒரு பையில் துண்டுத்தாள்களைப் போட்டுக்கொண்டு முன்னால் போவாள், நில்லக்கா பின்னால். வாசலில் பேச நாத்தனார் பாடமே எடுத்தாள்.

"மரியாதையா பேசணும் அண்ணி. வாங்க, போங்க, சொல்லுங்க. 'ங்க' இல்லாம ஒரு வார்த்தை வரக்கூடாது. ரோடு இல்ல இது, வாசல். யாரும் பதினஞ்சு அடி ஓடிட மாட்டாங்க."

"சரிங்க" என்றாள் நில்லக்கா, நாத்தனாரிடமே.

கூத்து என்னவென்றால், பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாவது மாடி வரை மூச்சு வாங்க ஏறி மணியை அடித்தால், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அவர் இல்லீங்களே, உங்க கோட்டுலதான் நிக்கப் போயிருக்காரு" என்பார். ஓட்டுக் கேட்க வந்தவளுக்காக ஓட்டுப் போடுகிறவர் நடுரோட்டில் நிற்கிறார். நாத்தனாருக்கு ஒரே எரிச்சல். நில்லக்காவுக்கு ஒவ்வொரு பூட்டைப் பார்க்கும்போதும் கும்பிடவேண்டும்போல இருந்தது. இறங்கி வரும்போது படிக்குப் படி, யாருக்கு என்று சொல்லாமல், நன்றி நன்றி என்று முணுமுணுத்தாள். திறந்திருந்த வீடுகளில் "உனக்கில்லாம வேற யாருக்குப் போடப்போறோம் நில்லக்கா" என்றார்கள். சிலர் உட்காரச் சொல்லி அவளிடம் நலம் விசாரித்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மட்டும், "முப்பது வருஷம் நான் ஓட்டினேன், உன் சத்தத்துக்கு மட்டும்தான் பிரேக் தானா விழும்" என்று கணக்கில்லாத தடவை சொன்ன கதையை மறுபடி சொன்னார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு மாதிரி வாக்குச்சீட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டும்வரை.

சலூன்காரி அதைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். வந்த வேகத்தில் கத்தரிக்கோல் சட்டைப் பையிலேயே இருந்தது.

"சீட்டுல உன் பேரே இல்லையேடி!"

இருந்தது. இரண்டாவது வரியில், பெற்றவர்கள் வைத்த பெயர், முழுசாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு கம்பீரமாக இருந்தது. அது யார் என்றுதான் வார்டில் ஒருவருக்கும் தெரியாது. பதினைந்து வருஷ சிநேகிதிக்கே தெரியவில்லை. முதல் வரியில் கண்ணாடிக்காரரின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கண்ணாடிக்காரர்' என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி.

"அவருக்கு மட்டும் எப்படிப் போட்டாங்க?" என்றாள் நில்லக்கா.

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல எழுந்து, வேட்புமனுவின் நகலை எடுத்து வந்தாள். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டம். 'வேறு பெயரால் அறியப்படுபவராயின் அப்பெயர்.' அதற்கு எதிரே அழகான கையெழுத்தில் 'இல்லை'.

"சபைக்குப் போற பேரா இது அண்ணி?" அவள் குரல் உடைந்தது. "நில்லக்கான்னு... ஏதோ கிண்டல் பண்ற மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான் அப்படி எழுதினேன்."

மரியாதை. மறுபடியும் அந்த இரண்டாவது மூச்சு. நில்லக்காவுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. கத்தியும் விட்டாள். "உன்னை யாரு மரியாதை கேட்டா? கட்டத்தைக் கண்டா கை சும்மா இருக்காதா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. நாத்தனார் விசும்பினாள். நில்லக்காவுக்கு உடனே மனசு இளகியது. ஆறு வாரமாகத் தன் லீவு நாளையெல்லாம் இவளுக்காகப் படியேறிச் செலவழித்தவள் அல்லவா. பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்து, "விடு, என் பேரு எனக்கே மறந்துபோச்சு, உன்னைச் சொல்லி என்ன" என்றாள்.

அந்த ஐந்து நாளும் புதுத் துண்டுத்தாள் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். 'இரண்டாவது வரிதான் நில்லக்கா' என்று அதில் இருந்தது. சலூன்காரி முடிவெட்டுகிற ஒவ்வொரு தலையிடமும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வித்தாள். ஆனால் எல்லார் காதிலும் போய் விழுந்ததா என்று யாருக்குத் தெரியும்?

ஓட்டு எண்ணிக்கை தேர்தலுக்கு மறுநாள் காலை, பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில். நீள மேசைகள், ரப்பர் வளையம் போட்ட கட்டுகள், கழுத்தில் அட்டை தொங்கும் ஆட்கள். தேர்தல் அலுவலர் வேறு மாவட்டத்துக்காரர். மெலிந்தவர், நடக்கும்போதும் எதையாவது படித்துக்கொண்டே நடக்கிறவர். வார்டு ஆட்கள் கயிறு கட்டிய பகுதிக்குப் பின்னால் நின்றார்கள். அன்று காலைப் பிள்ளைகளைக் கடத்திவிட்டு மழைக்கோட்டைக் கழற்றாமல் அப்படியே வந்த சலூன்காரியும் அவர்களில் ஒருத்தி. நில்லக்காவும் நாத்தனாரும் ஒரு பக்க நாற்காலியில். எதிர்ப்பக்கம் கண்ணாடிக்காரரும் அவருடைய மச்சானும். மச்சான்தான் அவருக்கு முகவர். அக்காள் கணவருக்காக அக்காளைவிட அதிகமாகச் சண்டை போடுகிற ரகம்.

பதினொரு மணிக்கு எண்ணி முடித்தார்கள். கண்ணாடிக்காரர் அறுநூற்று நாற்பத்து நாலு. நில்லக்கா அறுநூற்று இருபத்தொன்பது.

பதினைந்து ஓட்டு.

"பொறுங்க" என்றார் அலுவலர். "சந்தேகச் சீட்டு இருக்கு. வேட்பாளர்கள் முகவர்களோட வந்து பார்க்கலாம்."

ஒரு தட்டில் பரப்பிவைத்திருந்தார்கள். சில வெற்றுச் சீட்டுகள். மீதி நாற்பத்தொன்று. அவற்றில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. ஓரத்தில், கீழே, குறுக்கே, கிடைத்த இடத்தில் எல்லாம் எழுதியிருந்தார்கள். 'நில்லக்கா.' 'நில்லு அக்கா.' நடுங்கிய கையில் ஒருவர் 'நிள்ளக்கா' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், நாத்தனாரிடம் பாடம் படித்தவர்போல, 'நில்லுங்க அக்கா' என்று எழுதியிருந்தார். ஒரு சீட்டில் எழுத்தே இல்லை, கம்பும் வட்டமும் மட்டும் வரைந்திருந்தது. சீட்டில் அவளைத் தேடியிருக்கிறார்கள், காணவில்லை. விட்டுவிட்டுப் போக மனசு வராமல் தாங்களே அவளை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். நில்லக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தோற்றாலும் ஜெயித்தாலும் இதைவிட ஒன்று தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

"யார் இந்த நில்லக்கா?" என்றார் அலுவலர்.

"நான்தாங்க."

"வாக்காளர் நினைச்சது யாருன்னு சந்தேகமில்லாமத் தெரிஞ்சா, நான் இதை ஏத்துக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா உங்க மனுவுல வேற பேர் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதானே!" என்று பாய்ந்தார் மச்சான். "ஊருல எத்தனை அக்கா! யாரு வேணும்னாலும் நான்தான் நில்லக்கான்னு சொல்லலாம். ஆதாரம் வேணும் சார்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த காகிதக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று அலுவலர் கேட்டார். இல்லை. இவர்களே அடித்த துண்டுத்தாள் கணக்கில் வராது; மற்றபடி பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெயரை யாரும் எதிலும் எழுதவில்லை, இந்தச் சீட்டுகளைத் தவிர. "சரி, விதிப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றவர், ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி கூடத்தின் மறுகோடியில் இருந்த தன் மேசையை நோக்கிக் குறுக்கே நடந்தார்.

அதே நேரம் பக்கவாசல் திறந்தது. எண்ணி முடிந்த மேசைகளை மடித்து உயரமாக அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று வந்தது. தள்ளியவர் தலை அடுக்குக்குப் பின்னால் மறைந்திருந்தது. பளபளப்பான தரையில் வண்டி சத்தமே இல்லாமல் வேகமெடுத்தது. இந்தப் பக்கம் படித்துக்கொண்டே வருகிறவர், அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் தள்ளுகிறவர்.

அவள் எழுந்ததுகூடத் தெரியவில்லை. கை மேலே போய்விட்டது, இல்லாத பலகையைப் பிடித்தபடி.

"நில்லு!"

கூடம் நின்றது. வண்டி கிறீச்சென்று நின்றது. அலுவலர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார், மேசை விளிம்பு அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். ஓட்டு எண்ணியவர்கள் விரலில் சீட்டோடு நின்றார்கள். கயிற்றுக்குப் பின்னால் கசமுசவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும், பஸ் டிரைவர் உள்பட, அப்படியே நின்றார்கள். தண்ணீர் பிடிக்கப் போன மச்சான் பாதி வழியில் நின்றார். கண்ணாடிக்காரர் உதட்டுக்குக் கொண்டுபோன குவளையோடு நின்றார்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். கையை இறக்கினாள்.

"போகலாம்" என்றாள், பழக்கதோஷத்தில். கூடம் மறுபடி அசைந்தது.

அலுவலர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். வண்டியைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

"ஓ" என்றார்.

"சார், இது ஆதாரம் ஆகாது!" என்று மச்சான் ஆரம்பித்தார்.

"சும்மா இரு மச்சான்." கண்ணாடிக்காரர் குவளையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஐயா, இனிமே என்னத்தைப் பாக்கிறது? என் மச்சானே நின்னுட்டான். நானும் நின்னுட்டேன். என் ரெண்டு பொண்ணுங்களும் அந்தச் சத்தத்துலதான் ரோடு தாண்டி வளந்தாங்க. இந்த வார்டுல நில்லக்கா ஒருத்திதான். இவங்கதான்."

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். தன் இடத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

கம்பும் வட்டமும் வரைந்திருந்த சீட்டோடு சேர்த்து மூன்றை அலுவலர் ஒதுக்கினார். முப்பத்தெட்டை ஏற்றுக்கொண்டார். அறுநூற்று அறுபத்தேழு. இருபத்து மூன்று ஓட்டில் நில்லக்கா ஜெயித்தாள். நாத்தனார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கழுத்து அட்டையின் கயிறு அறுந்தது. நில்லக்கா விடுவித்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக்காரரிடம் போனாள். ஆறு வாரமாக மனசுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை. இப்போது அவர் முன்னால் நின்று, இரண்டு கையையும் சேர்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்த 'ங்க' பாடம் படித்த 'ங்க' இல்லை.

"கோட்டை அழிக்க விட்டுடாதீங்க" என்றார் அவர். "நான் அந்தத் தாளைப் படிச்சேன். ரோட்டைப் பாக்கல."

திங்கட்கிழமை காலை. பதவி ஏற்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோட்டில் முறை வைத்து நிற்பது நிற்கவில்லை. சபையின் முடிவு வரும்வரை நாங்கள் நிற்போம் என்று சலூன் கதவில் மூன்றாவது தாளும் ஒட்டியாகிவிட்டது. கணவர் வேலைக்குப் போகும் வழியில் துடைப்பக் கம்புக்குப் பதிலாக ஒரு பழைய லிஃப்ட்டின் எஃகுக் குழாயில் பலகையைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

நில்லக்கா நடந்து வந்தாள். கையில் பலகை இல்லை, மேலே கோட்டு இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் சாலையைக் கடக்க வந்த ஒருத்தி, அவ்வளவுதான். கோட்டின் நடுவில் சலூன்காரி. அந்தப் பக்கம் பிள்ளைகள் புத்தகப் பையோடு கூட்டமாக. அவர்களையே பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, தன் கோடுதானே என்கிற நினைப்பில், நில்லக்கா நடைபாதையிலிருந்து காலை இறக்கினாள்.

"நில்லு!"

உடம்பு தானாக நின்றது. ஒரு சரக்கு லாரி அவளுக்கு முன்னால் ஹோவென்று கடந்து போனது. அந்தக் காற்றில் அவள் முந்தானை படபடத்தது.

லாரி போனதும் சலூன்காரி பலகையை உயர்த்தி, இரண்டு பக்கமும் பார்த்து, "ம், இப்ப வா" என்றாள்.

ஜெயித்த வார்டு உறுப்பினர் கோட்டைக் கடந்தாள். கண் நிறைந்து வழி சரியாகத் தெரியவில்லை. ஆனால் பயமில்லை, அங்கே நிற்க ஆள் இருந்தது. நடுவில் வந்ததும் சலூன்காரியின் மழைக்கோட்டுக் கையை ஒரு தடவை இறுகப் பிடித்துவிட்டு நடந்தாள். அவளை நிறுத்தியவள் 'ங்க' சேர்க்கவே இல்லை.